வாட்டர் சர்வீஸ் கடைக்கு எந்த வேக்யூம் உழைக்கும்?

வாட்டர் சர்வீஸ் கடைக்காரர்கள் வேக்யூம் கிளீனர் வாங்கப் போனால் முதலில் பார்ப்பது வாட். 1200 போதுமா, 1600 வேண்டுமா, இரண்டு மோட்டாரா, மூன்று மோட்டாரா என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். வாட் என்பது மெஷின் தின்கிற கரண்ட் கணக்கு, மண்ணை இழுக்கும் கணக்கு இல்லை. கடையில் ஒரு மெஷின் வருஷக்கணக்கில் ஓடுமா, நாலே மாதத்தில் மூலைக்குப் போகுமா என்பது உள்ளே இருக்கும் மோட்டார் எப்படிச் சூடு தணிகிறது, ஃபில்டரை யார் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள், மோட்டார் போனால் அன்றைக்கே வேறு மோட்டார் கிடைக்குமா என்பதில்தான் இருக்கிறது. கார் உட்புறம் சுத்தம் செய்யும் கடைகளை மட்டும் வைத்து எழுதுகிறேன். ஆபீஸ் கார்பெட், ஆஸ்பத்திரி எல்லாம் வேறு கதை.

நம்ம ஊர்க் கடைகளில் மூன்று வகை ஓடுகிறது. வீட்டுக்கென்று விற்கும் 15, 20 லிட்டர் வெட் அண்ட் டிரை, அதாவது தூசியோடு தண்ணீரையும் எடுக்கும் மெஷின். உள்ளூரில் அசெம்பிள் செய்து கொடுக்கும் 60, 80 லிட்டர் ஸ்டீல் டிரம், தலையில் இரண்டோ மூன்றோ மோட்டாரோடு. அப்புறம் கார்ச்சர் மாதிரிக் கம்பெனிகளின் தொழில் உபயோக வரிசை.

வீட்டு மாடலை முதலில் எடுத்துக்கொள்வோம். இழுக்கும் திறனில் குறையே சொல்ல மாட்டேன், புதுசாக இருக்கும்போது சீட் அடியில் கிடக்கும் மண்ணை அருமையாக எடுக்கும். உழைப்பைக் கணக்குப் போட்டால்தான் விஷயம் புரியும். வீட்டில் வாரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டினால் வருஷத்துக்கு 26 மணி நேரம். கடையில் ஒரு நாளைக்குப் பத்து கார், காருக்குப் பதினைந்து நிமிஷம் என்று வைத்தால் இரண்டரை மணி நேரம். 300 நாளுக்கு 750 மணி நேரம். அதாவது ஒரு வீடு ஏறக்குறைய முப்பது வருஷத்தில் ஓட்டுவதைக் கடை ஒரே வருஷத்தில் ஓட்டிவிடுகிறது. இந்த மோட்டார்களில் சுற்றும் பாகத்தோடு உரசிக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டியான கார்பன் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம் வரைக்கும்தான் வரும். தொழில் மோட்டாரில் கார்பனை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். வீட்டு மாடல்கள் சிலவற்றில் அது முடியாது, கார்பன் தேய்ந்தால் மோட்டாரையே மாற்ற வேண்டும், அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது மெஷினே வந்துவிடும்.

மோட்டாருக்கு முன்பே போகிறவையும் உண்டு. ஹோஸ் பைப் டேங்கில் மாட்டும் கழுத்துப் பகுதி, தலையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப், சின்னச் சக்கரங்கள். பையன்கள் ஹோஸைப் பிடித்து இழுத்துத்தான் மெஷினை நகர்த்துவார்கள், நாம் எத்தனை முறை சொன்னாலும் சரி. நான் வாங்கிய ஒரு பெயர்பெற்ற கம்பெனியின் வீட்டு மாடலில் கழுத்து உடைந்து, அப்புறம் மோட்டாரும் போனபோது, கடையில் ஓட்டியது என்று சொல்லி வாரண்டி தர மறுத்துவிட்டார்கள். வாரண்டி கார்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். வியாபார உபயோகத்துக்கு வாரண்டி இல்லை, அல்லது பாதிக் காலம்தான் என்று பல கார்டுகளில் போட்டிருக்கும்.

டிரை மட்டும் என்று விற்கும் வீட்டு மாடலைக் கடைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் உறிஞ்சிய காற்றேதான் மோட்டாருக்குள் புகுந்து அதைக் குளிர வைக்கும். ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், மோட்டார் கொதிக்கும். காருக்குள் விரித்திருக்கும் ஈரமான மேட் மேல் ஒரு தடவை வைத்தால் ஈரம் நேராக காயிலுக்குப் போகும். பைபாஸ் மோட்டார் என்று சொல்கிறார்களே, அதில் குளிர வைக்கும் காற்றுக்குத் தனி வழி, தனி விசிறி. அழுக்குக் காற்று காயில் பக்கமே போகாது. தண்ணீர் புழங்கும் கடைக்கு இது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

இரட்டை மோட்டார் டிரம்முக்கு வருவோம். கடைக்காரர்கள் பலருக்கும் நம்பிக்கையான மெஷின் இதுதான். காரணம் எளிது: உள்ளே இருப்பது பெரும்பாலும் 5.7 அங்குல விட்டமுள்ள பைபாஸ் மோட்டார். இந்த அளவு உலகம் பூராவும் புழக்கத்தில் இருப்பதால், உயரம் மட்டும் பொருந்தினால் வேறு தயாரிப்பு மோட்டாரையும் உட்கார வைத்துவிடலாம். அமெரிக்காவின் அமெடெக், ஸ்லோவேனியாவின் டோமெல் மாதிரி நல்ல மோட்டாரும் போடலாம், பெயரே இல்லாத மோட்டாரும் போடலாம். டிரம் விற்பவர் எதைப் போட்டிருக்கிறார் என்பதில்தான் மெஷினின் ஆயுளே இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இரண்டு மோட்டார் என்றால் இரண்டு மடங்கு இழுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது சரியில்லை. இரண்டும் பக்கம் பக்கமாக வேலை செய்வதால் காற்றின் அளவு கூடுமே தவிர, இழுப்பின் அழுத்தம் ஒரு மோட்டாருக்கு உள்ளதுதான். அதுவும் ஒற்றை 38 மி.மீ. ஹோஸ் வழியாகப் போக வேண்டியிருப்பதால் கூடுதல் காற்றில் பாதியைக்கூட நாம் உணர மாட்டோம். பெரிய டேங்க்கில் தண்ணீரும் சேறும் வேகமாக எடுக்க உதவும், மேட் நூலுக்குள் இறங்கிய கடற்கரை மணலுக்கு ரொம்ப வித்தியாசம் தெரியாது.

சரி, அப்படியானால் காலையில் ஒரு மோட்டார், மாலையில் இன்னொன்று என்று மாற்றி மாற்றி ஓட்டினால் கார்பன் இரண்டு மடங்கு நாள் வருமே என்று பல கடைகளில் செய்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஒன்றைச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். ஒரு மோட்டாரை மட்டும் போட்டுவிட்டு, ஓடாத மோட்டாரின் காற்று வெளியேறும் துவாரத்தில் உள்ளங்கையை வையுங்கள். கை உள்ளே இழுபட்டால், காற்று ஹோஸ் வழியாக வராமல் அந்தச் சும்மா கிடக்கும் மோட்டார் வழியாகத் திருட்டுத்தனமாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு மோட்டார் அடியிலும் ரப்பர் மடல் வைத்த தலையாக இருந்தால் இந்தக் கசிவு இருக்காது. விலை மலிவான டிரம்களில் இந்த மடலை விட்டுவிடுகிறார்கள்.

டிரம்மைக் கொல்வது கடைசியில் ஃபில்டரும் நுரையும்தான். தண்ணீர் நிறைந்தால் மிதவை மேலே ஏறி வழியை அடைக்கும், அது தண்ணீருக்கு. ஷாம்பு நுரை மிதவையைத் தூக்காது, பக்கத்தில் வழிந்து மேலே போய் விசிறித் தட்டுக்குள் இறங்கிவிடும். கொஞ்ச நாளில் மேல் பேரிங்கோ கீழ் பேரிங்கோ கத்த ஆரம்பிக்கும். சீட் ஷாம்பு வேலை அதிகம் செய்கிற கடையில் டேங்கில் நுரை அடக்கும் திரவம் கொஞ்சம் ஊற்றிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. துணி ஃபில்டரைத் துவைத்தால் எலும்புவரை காய வேண்டும். அரைகுறை ஈரத்தில் மாட்டித் தூசி எடுத்தால் துணி மேல் சேறு பூசியதுபோல் அடைத்துக்கொள்ளும். இரண்டு ஃபில்டர் வைத்து மாற்றி மாற்றிப் போடுவது மோட்டார் விலையோடு பார்த்தால் ஒரு செலவே இல்லை.

கம்பெனி மெஷின் ஜெயிப்பது இந்த ஃபில்டர் விஷயத்தில்தான். கார்ச்சரின் என்டி 30/1 டாக்ட் வெறும் 1380 வாட்தான். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே காற்றை எதிர்ப்பக்கமாக அடித்து ஃபில்டரைத் தானாக உதறிக்கொள்கிறது, ‘டப் டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதனால் பத்தாவது காரிலும் முதல் காரில் இருந்த இழுப்பு இருக்கிறது. டிரம்மில் மாலைக்குள் இழுப்பு இறங்குவதைப் பையன்களே சொல்வார்கள். ஷாக் அடிக்காத ஹோஸ் இந்த வரிசைகளில் கிடைப்பதும் பெரிய நிம்மதி. வெயில் காலத்தில் பிளாஸ்டிக் ஹோஸில் உலர்ந்த மண் ஓடும்போது கையில் சுரீர் என்று பிடிப்பது வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

எதிர்ப்பக்கம் விலையும் ஸ்பேரும். ஒன்று வாங்கும் காசில் டிரம் இரண்டு மூன்று வாங்கலாம். சென்னை, கோவையில் சர்வீஸ் கிடைத்துவிடும். சின்ன ஊரில் ஒரு சர்க்யூட் போர்டுக்காகக் காத்திருக்கும் நாட்களில் கடைக்கு வேறு மெஷின் வேண்டும். வேக்யூம் இல்லாமல் வாட்டர் சர்வீஸ் ஒரு நாள்கூட ஓடாது.

என் தீர்ப்பு இது. நாளுக்கு மூன்று நான்கு கார் மட்டும் வரும் கடை என்றால் நல்ல வெட் அண்ட் டிரை வீட்டு மாடலே போதும். பத்து கார் தாண்டினால் ரப்பர் மடலும் பெயர் தெரிந்த மோட்டாரும் உள்ள இரட்டை டிரம். வாங்கும்போதே தலையைக் கழற்றச் சொல்லி மோட்டார் பிளேட்டை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கழற்ற மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். பீங்கான் கோட்டிங், உட்புற டீடெயிலிங் என்று ஒரு காருக்கு மணிக்கணக்கில் உழைத்து நல்ல காசு வாங்கும் கடைக்கு கம்பெனி மெஷின்தான் சரி.

டிரம் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. புதுக் கார்பன் போட்டவுடன் முழு வோல்டேஜில் ஓட்டினால் தீப்பொறி பறந்து, கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் கறுத்துவிடும். இரண்டு மோட்டாரிலும் ஒரே நேரத்தில் கார்பனை மாற்றி, எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டையும் சீரிஸில், அதாவது ஒன்றன் வழியாகவே இன்னொன்றுக்குக் கரண்ட் போகும்படி இணைத்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஆளுக்குப் பாதி வோல்டேஜ்தான் போகும், கார்பன் அந்த உருளையின் வளைவுக்குத் தகுந்தபடி தேய்ந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் பழைய இணைப்புக்கு மாற்றிவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.