9 எம்எம் 1ஏ பிஸ்டல்: கோத்துல துடைச்சவன் சொல்றேன்

ஆர்மில கோத்துல, அதாவது ஆயுத ரூம்ல, 6 வருஷம் இருந்துட்டு இப்ப மன்னார்குடி பக்கம் வயல பாத்துட்டு இருக்கேன். அக்கா பையன் போன்ல கேம் ஆடிட்டே "எந்த பிஸ்டல் மாமா ரொம்ப நாள் உழைக்கும்"னு கேட்டான், அதான் இது.

9 எம்எம் 1ஏன்னா வேற ஒண்ணும் இல்ல, 1935ல பெல்ஜியம் ஆர்மி எடுத்த பிரவுனிங் ஹைபவர் தான், நம்ம நாட்டுல செஞ்சது. 13 தோட்டா. பிடி கைக்கு அம்சமா உக்காரும். ட்ரிகர் தான் முரடு, மேகசின கழட்டிட்டா சுடாதுன்னு உள்ள ஒரு சேஃப்டி இருக்கு, அது பண்ற வேல. ஹேமர், அதாவது பின்னாடி இருக்கிற சுத்தியல், வேற கைய கடிக்கும், கட்டவிரல் பக்கத்துல தழும்பு எனக்கு இன்னும் இருக்கு.

உழைப்புன்னு பாத்தா, இத யாருக்கு செஞ்சாங்கன்னு பாக்கணும். ஆபீசரும் டேங்க்ல போறவனும் இடுப்புல தொங்க விடறது, ரைஃபிள் தூக்க முடியாதப்ப கடைசி கைக்கு. எங்க கோத்துல ஒண்ணு, ஹோல்ஸ்டர்ல உரசி உரசி மூக்கு பக்கம் கருப்பே போயி வெள்ளையா பல்லிளிக்கும், ஆனா பேரல்ல சிந்தி, அதாவது துடைக்கிற துணி, விட்டு இழுத்துட்டு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா உள்ள வரி வரியா புதுசு மாதிரி மின்னும். சுமந்தே தேஞ்சது, சுட்டு இல்ல.

இதே ஹைபவர பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் கமாண்டோவும் வச்சிருந்தான், 1980ல லண்டன் ஈரான் தூதரகத்துக்குள்ள பூந்தப்பவும் இது இருந்துச்சு. அவன் ட்ரெய்னிங்லயே சுட்டுத் தள்ளுவான், அங்க ஸ்ப்ரிங்கெல்லாம் சீக்கிரமே கைய விரிச்சிரும். அமெரிக்காவுலயும் அதே கத தான், புது பெரெட்டா பிஸ்டல் 1980கள்ல நேவி சீல் கமாண்டோ கைல ஸ்லைடு, அதாவது மேல முன்ன பின்ன நகர்ற பாகம், உடைஞ்சு பின்னாடி பறந்து மூஞ்சில அடிச்சுது, அப்புறம் ஹேமர் ஆணிய பெருசாக்கி ஸ்லைட தடுத்தாங்க. கோல்ட் 1911 மட்டும் வேற ரகம், குதிரப்படைக்காரன் கைல நிக்கணும்னே கேட்டு வாங்கினது, டெஸ்ட்டுலயே 6000 ரவுண்டு திக்காம ஓடிச்சு.

நம்ம ஊர்லயே பாருங்க, ஒரே மாடல் டிராக்டர் ரெண்டு, ஒண்ணு குறுவைக்கு சேறு அடிச்சுட்டு கொட்டகைல நிக்கும், இன்னொண்ணு வருஷம் முழுக்க மணல் ஏத்தும். ரெண்டாவது வண்டிய வச்சு கம்பெனிய திட்டலாமா?

என் மார்க் 5க்கு 4. ஆனா வாங்கலாமான்னு கேக்காதீங்க, 9 எம்எம் சிவிலியனுக்கு தடை பண்ண போர் (குழல் அளவு), லைசென்ஸ் இருந்தாலும் 32 மாதிரி வேற அளவு தான்.