கால்சியம் ஹைட்ராக்சைடா, ட்ரிப்பிள் ஆன்டிபயாடிக் பேஸ்ட்டா: பல்லோட வேர எது அதிகமா பலவீனமாக்குது?

ரூட் கேனால் ஒரே சிட்டிங்ல முடியலன்னா வேருக்குள்ள ஒரு மருந்த வச்சு மேல தற்காலிகமா அடைச்சு அனுப்புவாங்க இல்லயா, அந்த மருந்து கிருமிய எவ்ளோ கொல்லுதுன்னுதான் எல்லாரும் பேசுறோம், அது ஒட்டிக்கிட்டிருக்கற டென்டின, அதாவது வேரோட சுவரா இருக்கற கடினமான திசுவ, என்ன பண்ணுதுன்னு பேசுறது ரொம்ப கம்மி. டென்டின்ல எடைக்கு சுமார் 70 சதவீதம் தாது உப்பு, 20 சதவீதம் கொலாஜன்ங்கற நார்ப்புரத வகையறா, மிச்சம் தண்ணி. ஒவ்வொரு மருந்தும் இதுல வேற வேற இடத்துல கை வைக்குது.

கால்சியம் ஹைட்ராக்சைடு 1920லேருந்து புழக்கத்துல இருக்கு. இதோட பிஹெச் 12.5 கிட்ட, கிருமி தாங்காது, ஆனா அதே காரத்தன்மை கொலாஜனையும் மெல்ல மெல்ல சிதைச்சு, தாதுவ அதோட பிடிச்சு வச்சிருக்கற பிணைப்ப அறுக்குது. ஓரிரு வாரம் வச்சா பெரிசா கவலப்பட வேண்டாம். மாசக்கணக்கா விட்டாத்தான் வினை. பல் ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரியாசனோட குழு 2002ல செம்மறி ஆட்டுப் பல்லுல பண்ண சோதனையில சுமார் ஒரு வருஷத்துல பல்லோட தாங்கும் திறன் பாதியா குறையும்னு கணக்கு வந்துச்சு.

ட்ரிப்பிள் ஆன்டிபயாடிக் பேஸ்ட்டு நேர் எதிர். சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல், மினோசைக்ளின் மூணும் கலந்தது, அமிலத்தன்மை உள்ளது, அதுக்கு மேல மினோசைக்ளின் கால்சியத்த பிடிச்சு இழுத்துக்கும், அதனால தாது கரையுது, வேரோட உள்பக்கம் மைக்ரோஹார்ட்னெஸ், அதாவது நுண்ணளவுல அளக்கற கடினம், இறங்குது, பல்லும் கருத்துப்போகுது. இங்க எவ்ளோ கெட்டியா கலக்குறோங்கறதுதான் விஷயம்: பேஸ்ட்டா குழைச்சா மில்லிக்கு 1000 மில்லிகிராம் வரை போகும், ஆனா மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவுலயே கிருமிகள் அடங்கும், டென்டினும் பெரிசா கெடாது. இவ்ளோ வித்தியாசம் இருக்கறப்போ இன்னும் கண்ணளவுல குழைக்கறது எனக்கு சுத்தமா ஏத்துக்க முடியல. மினோசைக்ளின விட்டுட்டு ரெண்டே மருந்து போடுற டபுள் பேஸ்ட்டுல கறை பிரச்சன போயிடும், கெட்டியா வச்சா தாதுவுக்கு அடி மட்டும் முழுசா போகாது.

குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினியோட 2 சதவீத ஜெல் டென்டினுக்கு இது எல்லாத்துலயும் சாது, கொலாஜன அரிக்கற என்சைம்களையும் தடுக்கும். ஆனா திசுவ கரைக்காது, அப்புறம் வேர்க் கால்வாய கழுவுற ஹைப்போகுளோரைட் திரவம் மிச்சம் இருக்கறப்போ அதுல இத விட்டா பழுப்பா படிவு வரும், நடுவுல நல்லா கழுவியே ஆகணும்.

ஒண்ண மறக்கக்கூடாது, கடினம் குறையறதும் பல்லு உடையறதும் ஒண்ணில்ல. விக்கர்ஸ் டெஸ்ட்டுல குட்டி வைர முனைய அழுத்தி பள்ளத்த அளக்கறோம், அது அந்த இடத்தோட கதைய மட்டும்தான் சொல்லும். முழு வேர் வளந்த பெரியவங்க பல்லுல ரெண்டு வாரம் கால்சியம் ஹைட்ராக்சைடு வைக்கறதுல எனக்கு எந்தத் தயக்கமும் இல்ல. ஆனா அடிபட்ட எட்டு வயசு குழந்தையோட முன்பல்லுல வேர் சுவரே மெலிசு, அதுல முன்னாடி மாதிரி மாசக்கணக்கா மருந்த மாத்தி மாத்தி வச்சா கழுத்துப் பக்கம் முறியற அபாயம் நிஜம், அங்க கொஞ்ச நாள் வச்சுட்டு எம்டிஏங்கற சிமென்ட்டால வேர் நுனிய அடைச்சிடறதுதான் என்னோட தேர்வு, இல்ல வேருக்குள்ள மறுபடி ரத்த ஓட்டத்தோட திசு வளர வைக்கற ரிவாஸ்குலரைசேஷன்னு போனா நீர்த்த ஆன்டிபயாடிக், அதுவும் மினோசைக்ளின் இல்லாம.