நடையா, குளிசையா?

"நான்தான் ஒவ்வொரு நாளும் நடக்கிறனே, பிறகு எதுக்கு இந்தக் குளிசை?" என்று சித்தப்பா கேட்டார். திருகோணமலையில், விடிய ஐந்தரைக்கு உவர்மலையால் இறங்கி, டச் பே கரையோரமாகப் போய், பிரட்ரிக் கோட்டைக்குள் மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் வரை ஏறி வருகிறவர். அந்த நடையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் போன வருடம் மாரடைப்பு வந்து தப்பிய மனிசன். கிளினிக்கில் கொடுத்த கொலஸ்ட்ரோல் குளிசையோ, கடதாசி உறை பிரிக்காமல் மூன்று மாதமாக அலுமாரிக்குள் கிடந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கெட்ட கொலஸ்ட்ரோலான எல்டிஎல்லில் குளிசைக்குக் கிட்ட நடை வராது. ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதை ஸ்டற்றின் என்கிற இந்தக் குளிசை மட்டுப்படுத்துகிறது. அப்போது ஈரல் தனக்குத் தேவையானதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். நடுத்தர அளவு மருந்தே எல்டிஎல்லை 30 முதல் 49 வீதம் வரை இறக்கும். சாப்பாட்டைத் திருத்தினால் பெரும்பாலும் பத்து வீதமளவில்தான். டெசிலீற்றருக்கு 39 மில்லிகிராம் எல்டிஎல் குறைந்தால், மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன.

பிரஷரில் சமையலறை நன்றாகவே போட்டி போடும். பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால் என்று மாற்றிய சாப்பாடு, 1997இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், பிரஷர் உள்ளவர்களின் மேல் எண்ணை 11 புள்ளி இறக்கியது. ஒரு குளிசை செய்கிற வேலை அது. எங்கள் வீட்டில் இடறுவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், நிறுத்தச் சொல்கிறது. சித்தி கருவாட்டை ஊறவைத்துக் கழுவிவிட்டு, அதே குழம்புக்குக் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சம்பலுக்கு வேறு உப்பு.

சிகரட்டை விடுவதற்கு ஈடாக எந்தக் குளிசையும் இல்லை. விட்டு ஒரு வருடத்தில், புகையால் கூடிய இதய நோய் ஆபத்து பாதியளவுக்கு இறங்கிவிடும்.

"குளிசை போட்டால் கால் உளையுது" என்பார் சித்தப்பா. அந்த உளைவு பொய்யில்லை. ஆனால் 2020இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், மருந்தே இல்லாத வெறும் குளிசை போட்ட மாதங்களிலும் அதே ஆட்களுக்குக் கிட்டத்தட்ட அதேயளவு தொல்லை இருந்தது. தசையை உண்மையாகவே பாதிப்பது அரிது. உளைந்தால் தானாக நிறுத்தாமல் டொக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

நாற்பது வயது, வேறு வருத்தம் இல்லை, எண்கள் கொஞ்சம்தான் கூட என்றால், சில மாதம் சாப்பாட்டையும் நடையையும் திருத்திவிட்டு மறுபடி சோதிப்பது நியாயம். மாரடைப்பு வந்தவருக்கு அந்தத் தவணை கிடையாது, இரண்டும் வேண்டும். இதை நான் சொல்லி அவர் கேட்கவில்லை. கிளினிக் கொப்பியில் இருந்த எல்டிஎல் எண்ணைக் காட்டினேன். இப்போது இரவுச் சாப்பாடு முடிந்ததும் சித்தி தண்ணீரோடு குளிசையை நீட்டுகிறார். விடிய நடை வழக்கம்போல.