அஜைல் மாற்றம்: எல்லாக் குழுக்களும் ஒரே தேதியிலா, இரண்டிரண்டாகவா?

மென்பொருள் பிரிவு ஒன்றை, வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அடிக்கடி முடித்துக் காட்டும் அஜைல் முறைக்குக் கொண்டுவரத் துணிந்துவிட்ட தலைமை அடுத்து எடுக்க வேண்டிய முடிவு, எல்லாக் குழுக்களையும் ஒரே தேதியில் மாற்றுவதா, ஓரிரு குழுக்களில் தொடங்கிப் படிப்படியாக விரிப்பதா என்பதுதான். பன்னிரண்டு குழுக்கள் கொண்ட பிரிவு ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தபோது நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் பெரும்பாலும் அதையே சொல்வேன். ஆகவே இந்த அலசலில் என் சாய்வு வெளிப்படையாகவே இருக்கும். எதிர்வழிக்கு உள்ள வலுவான சான்றையும் அதன் முழு எடையோடு வைக்கிறேன்.

எல்லோரும் அறிந்த வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே வீச்சில் மாற்றினால் பயிற்சிச் செலவும் கோச்சுகளின் கட்டணமும் ஒரே காலாண்டில் வந்து விழும், முதல் சில மாதங்களுக்கு வேலையும் தேங்கும். படிப்படியாகப் போனால் செலவு பரவிவிடும், மாற்றம் முடியக் கூடுதல் காலம் ஆகும். நடுத்தர நிறுவனம்கூட இவற்றில் எதையும் தாங்கிக்கொள்ளும் என்பதால் இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை.

ஒரே வீச்சுக்குச் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் அனுபவமே வலுவான சான்று. தொடக்கத்தில் ஆண்டுக்கு நான்கு முறை வரை புதிய பதிப்பை வெளியிட்டுவந்த அந்நிறுவனம், ஆட்கள் பெருகப் பெருக வேகம் குறைந்து, 2006இல் ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய வெளியீடு என்ற நிலைக்கு வந்து நின்றது. அப்போது அதன் தலைமை ஏறத்தாழ முப்பது குழுக்களை மூன்று மாதங்களுக்குள் ஒருசேர மாற்றியது. ஆண்டுக்கு மூன்று வெளியீடுகள் என்ற ஒழுங்கு பின்னர் அங்கே நிலைபெற்று இன்றுவரை தொடர்கிறது. எல்லோரும் ஒன்றாக இறங்கியதால் பழைய முறையில் ஒதுங்கிக்கொள்ள யாருக்கும் இடமில்லாமல் போனது என்பதை நான் மதிக்கிறேன். அங்கே எல்லாக் குழுக்களும் கைவைத்தது ஒரே தளத்தின் மீது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாதிக் குழுக்கள் ஒரு தாளத்திலும் மீதி வேறு தாளத்திலும் இயங்கியிருந்தால் வெளியீடு மேலும் சிக்கலாகியிருக்கும்.

அடுத்து எல்லோரும் காட்டுவது நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கியை. 2015இல் அதன் தலைமையகம், தலா ஒன்பது பேர் வரை கொண்ட ஏறத்தாழ 350 சிறு குழுக்களாகவும், அவற்றை உள்ளடக்கிய 13 பெருங்குழுக்களாகவும் மாற்றியமைக்கப்பட்டது. ஊழியர்கள் புதிய அமைப்பில் தங்களுக்கான இடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் அவ்வங்கியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் பழக்கத்தில் இருந்தது. படிப்படியாகக் கற்ற ஒரு பிரிவு உள்ளே இருந்த பிறகே மற்றவர்கள் ஒரு வீச்சில் இறங்கினார்கள் என்பதால் இதை நான் இரு தரப்புக்கும் பொதுவான சான்றாகவே கொள்கிறேன்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த ஒரே காரணிக்கு வருகிறேன். குழுக்கள் எழுப்பும் தடைகளைத் தலைமை எவ்வளவு விரைவில் நீக்கித் தருகிறது என்பதே அது. ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்றுகளில் இயங்கும் குழு, தன் எல்லைக்குள் இருக்கும் சிக்கல்களை, அம்முறையில் குழுவுக்கு வழிகாட்டும் ஸ்க்ரம் மாஸ்டரின் துணையோடு தானே தீர்த்துக்கொள்ளும். அந்த எல்லைக்கு வெளியே இருப்பவை எல்லாம் பிரிவுத் தலைவரின் மேசைக்குத்தான் வரும், அவற்றை வேறு யாரிடமும் தள்ளிவிட முடியாது.

எங்கள் முதல் இரண்டு குழுக்களும் தொடக்க ஸ்பிரிண்டுகளிலேயே இயங்கும் மென்பொருளைக் காட்டிவிட்டன. ஆனால் அது வாடிக்கையாளரைச் சென்றடைவதற்கு ஐந்து பேர் கையொப்பமிட வேண்டிய வெளியீட்டுப் படிவம் ஒன்று குறுக்கே நின்றது. அதைப் பரிசீலிக்கும் கூட்டம் வியாழக்கிழமைகளில் மட்டும் கூடும். புதன் பிற்பகலுக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் ஒரு வாரம் கைவிட்டுப் போகும். அந்த ஐந்து பேரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து, படிவத்தில் அவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். இருவர் பார்த்தது ஒரே விஷயம். ஒருவரின் கையொப்பம், எப்போதோ பழுதாகிப் பின்னர் அகற்றப்பட்டுவிட்ட ஒரு சர்வரின் காரணமாகச் சேர்க்கப்பட்டது. சர்வர் போனபின்னும் கட்டம் படிவத்தில் தங்கிவிட்டது. தானியங்கிச் சோதனைகள் தேறிய சிறு மாற்றங்களுக்கு இரண்டு கையொப்பம் போதும் என்ற இடத்துக்கு அவர்களை அழைத்துவரப் பல வாரப் பேச்சு தேவைப்பட்டது, ஏனெனில் ஒவ்வொருவருக்கும் தம் பொறுப்பு குறித்த நியாயமான கவலை இருந்தது.

இது ஒரு தடைதான். பொதுவான டெஸ்டிங் சூழலுக்கு முன்பதிவு செய்து காத்திருப்பது, டேட்டாபேஸ் மாற்றத்துக்கு வேறொரு துறையின் கால அட்டவணையை நம்பியிருப்பது, ஒரே டெஸ்டரை இரண்டு புராஜெக்ட்டுகளுக்குப் பங்கிட்டு வைத்திருப்பது என்று பட்டியல் நீண்டது. பன்னிரண்டு குழுக்களும் ஒரே மாதத்தில் இத்தகைய பட்டியலோடு வந்திருந்தால், அவற்றில் பெரும்பாலானவை என் மேசையிலேயே தேங்கியிருக்கும். நம் அலுவலகங்களில் இதன் விளைவு கடுமையானது. ஸ்டாண்ட்-அப் என்ற அன்றாடக் குறுங்கூட்டத்தில் பிரிவுத் தலைவர் வந்து நின்றாலே, பேசுபவர்கள் சக ஊழியர்களை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, “நாளைக்கு முடிஞ்சிடும் சார்” என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பழகியவர்கள் மனம் திறந்து ஒரு தடையைச் சொல்லி, அதற்கு ஒரு மாதம் பதில் வராமல் போனால், ஸ்பிரிண்ட் முடிவில் நடந்ததை அலசும் கூட்டமான ரெட்ரோவில் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள். சொன்னது தீர்ந்தது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், கோச் எவ்வளவு பேசினாலும் வராத நம்பிக்கை தானாக வரும். படிப்படியான வழியில் அந்த முதல் தீர்வைத் தருவதற்குத் தலைமைக்கு அவகாசம் கிடைக்கிறது, மூன்றாவது குழு தொடங்கும்போது வெளியீட்டுப் படிவம் ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது.

படிப்படியான வழியின் பலவீனங்களும் சிறியவை அல்ல. முதல் குழுக்களுக்குச் சலுகை, மற்றவர்களுக்குப் பழைய பாடு என்ற மனக்குறை எழும். முன்னோடி முயற்சி முன்னோடியாகவே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. இதைத் தவிர்க்க இரண்டு காரியங்கள் உதவும் என்பது என் கருத்து. வரிசையில் அடுத்து வரும் குழுக்களின் பெயரையும் மாதத்தையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். எளிய உள்துறைப் பணி செய்யும் குழுவை விட்டுவிட்டு, வருமானம் தரும் பிராடக்ட்டைக் கையில் வைத்திருக்கும் குழுவில்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் அங்கே கிடைக்கும் வெற்றியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இன்னொன்றையும் வலியுறுத்துவேன். மாறிவிட்ட குழுவிடம் ஸ்பிரிண்ட் டெமோவையும் வைத்துக்கொண்டு பழைய வாராந்தர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டையும் கேட்பது அநியாயம்; மேலிடத்துக்கு அந்த ரிப்போர்ட் தேவையென்றால் டெமோவில் பார்த்ததை வைத்துப் பிரிவுத் தலைவரே எழுதிக்கொள்ளலாம்.

அப்ரைசல் விஷயத்தில் இரு வழிகளுக்கும் ஒரே சிக்கல்தான். ஸ்பிரிண்டின் இலக்கு குழுவுக்கு, ஆண்டு இறுதியில் ஊழியர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுத் தரம்பிரிக்கும் பெல் கர்வ் தனி மனிதருக்கு என்று இருந்தால், சக ஊழியரின் வேலைக்குக் கைகொடுப்பவர் தன் மதிப்பெண்ணைத்தான் இழக்கிறார். இங்கேயும் படிப்படியான வழிக்கு ஒரு சிறு ஆதாயம் உண்டு: குழுவாகச் சேர்ந்து மதிப்பிடும் முறையை இரண்டு குழுக்களில் மட்டும் சோதித்துப் பார்க்க மனிதவளத் துறை சம்மதிக்கும், மொத்தப் பிரிவுக்கும் என்றால் தயங்கும்.

என் அனுபவம் ஓரளவு தனித்தனியாக வெளியிடத்தக்க பிராடக்ட்டுகளைச் செய்யும் குழுக்களோடு நிற்கிறது. நூறு குழுக்கள் கொண்ட அமைப்பிலும், மென்பொருளோடு வன்பொருளும் சேர்ந்து உருவாகும் இடங்களிலும் இந்த வாதம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை அங்கே பணியாற்றியவர்கள்தான் சொல்ல வேண்டும். எல்லாக் குழுக்களும் ஒரே கோட்பேஸில் (நிரல் தொகுப்பில்) வேலை செய்து ஒரே நாளில் வெளியிடும் நிலையில், வெளியீட்டு ஒப்புதல், ஆள் ஒதுக்கீடு, அப்ரைசல் மூன்றும் ஒரே தலைவரின் அதிகாரத்தில் இருந்து, அவரும் தன் அன்றாட நேரத்தில் பாதியைத் தடை நீக்கத்துக்கே முதல் ஆறு மாதங்களுக்கு ஒதுக்கத் தயாராக இருந்தால், நானும் ஒரே வீச்சைப் பரிந்துரைப்பேன். அந்த மூன்றில் ஒன்று வேறொருவர் கையில் இருந்தாலும் இரண்டு குழுக்களில் தொடங்குவதே நல்லது.

பட்ஜெட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனென்றால் எந்த வழியில் போனாலும் அது கடைசியாகத்தான் அசைகிறது. எங்கள் பன்னிரண்டு குழுக்களும் மாறி முடித்த பின்னரும் நிதித்துறை ஏப்ரலில் புராஜெக்ட் வாரியாகத்தான் பணம் ஒதுக்கியது. நிலையான குழுவுக்கே நேரடியாக ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையை, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் முன்னுரிமை மாறும்போதெல்லாம் எழுத வேண்டியிருந்த திருத்தக் கடிதங்களை இணைத்து, ஒவ்வொரு காலாண்டுக் கூட்டத்திலும் முன்வைத்து வந்தோம்.