ஊர் விடுமுறையில் ஆறு வோல்ட் புல்லட்டுக்கு மின்பாகம் தேடிய அனுபவம்

கும்பகோணம் வீட்டில் அப்பா ஓட்டிய புல்லட் 350 இன்னும் இருக்கிறது. எழுபதுகளில் தயாரான வண்டி. ஆறு வோல்ட் மின்னமைப்பு, பாயிண்ட் இக்னிஷன் (பாயிண்ட் எனும் இரு தொடுமுனைகள் திறந்து மூடி ஸ்பார்க் உண்டாக்கும் பழைய முறை). நான் மெல்போர்னில் வசிப்பதால், அந்த வண்டிக்கு ஆக வேண்டிய வேலை எதுவானாலும் ஊருக்கு வரும் விடுமுறைக்குள் முடிந்தாக வேண்டும். இந்த முறை எஞ்சினைத் தொடாமல், தேய்ந்துபோன மின்பாகங்களை மட்டும் முழுமையாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. எஞ்சின் சூடேறிய பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம் பிடித்தது. ஆம்பியர் மீட்டரின் முள் நல்ல வேகத்தில் போகும்போதும் டிஸ்சார்ஜ் பக்கமே, அதாவது பேட்டரி காலியாகும் பக்கமே, சாய்ந்திருந்தது. இதே நிலையில் ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், எந்த வேலைக்கு எப்படிப்பட்ட சேவை கிடைத்தது என்பதை விரிவாக எழுதுகிறேன். பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் இந்த வண்டிகளை உண்மையில் ஓட வைத்துக்கொண்டிருப்பவர்கள் மீட்டர் வைத்து அளந்து பார்க்கும் எலக்ட்ரீஷியனும், லேத் பட்டறைக்காரரும், காயில் கட்டுபவரும்தான் என்பதே நான் கண்டது.

இந்த வண்டிக்கான பாகங்களுக்குச் சென்னையே ஊற்று என்பதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. வாகன மின்பாகங்களுக்கென்றே லூகாஸ் டிவிஎஸ் 1961இல் சென்னையில் உருவானது. பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் ஒரே அமைப்பில் வண்டி வந்துகொண்டிருந்ததால், பாகங்களைப் போலவே அவற்றைத் தெரிந்தவர்களும் தமிழ்நாடு முழுவதும் பரவியிருந்தார்கள். பாயிண்ட் இல்லாத மின்னணு இக்னிஷனும், பிறகு முற்றிலும் புதிய எஞ்சினும் வந்த பின் இந்த நிலை மாறிவிட்டது. இன்று ஒரு பட்டறையில் இருபத்தைந்து வயது மெக்கானிக்கிடம் பாயிண்ட் இடைவெளி பற்றிக் கேட்டால், பாவம், அவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். அது அவருடைய குறையில்லை.

முதலில் போன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல், "வயரிங் கிட்டையே மாத்திடலாம் சார், சாயந்திரம் எடுத்துக்கலாம்" என்றார்கள். பழைய வயரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய கிட்டை மாட்டுவது அவர்களுக்குச் சுலபமான வேலை. ஆனால் கோளாறு வயரில் இல்லையென்றால் செலவும் செய்துவிட்டு அதே மங்கல் வெளிச்சத்தோடு வீடு திரும்ப வேண்டியதுதான். அங்கே வண்டியை விடாமல், மகாமகக் குளத்துக்கு அப்பால் சின்ன இடத்தில் தனியாளாக வேலை செய்யும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் செய்த முதல் காரியத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் தங்கள் வீட்டு வாசலிலேயே செய்து பார்க்கலாம்.

ஹெட்லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரைக் குறைந்த டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மற்றொன்றை பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் வைத்தார். எர்த் சரியாக இருந்தால் மீட்டர் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். அது 0.8 வோல்ட் காட்டியது. "பல்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. எர்த்துதான் வந்து சேரல. ஹாண்டில்பார் கோன் செட்டு வழியாப் போயிக்கிட்டு இருக்கு, அதுல கிரீஸும் துருவும்தான் இருக்கு" என்றார். எங்கள் வண்டியில் ஹெட்லைட் கூட்டுக்கெனத் தனி எர்த் வயர் இல்லை. மின்சாரம் ஸ்டியரிங் பேரிங் வழியாகத்தான் வண்டியின் இரும்புச் சட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆறு வோல்ட்டில் 0.8 வோல்ட் வழியிலேயே தொலைந்தால் அது சிறு நஷ்டம் இல்லை. பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும் என்பதால், இந்த அளவு இழப்பிலேயே வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது.

ஆறு வோல்ட் வண்டிகளைப் பற்றிய கெட்ட பெயரில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். 30 வாட் பல்பு ஆறு வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். அதே 30 வாட்டுக்கான பன்னிரண்டு வோல்ட் பல்பு 2.5 ஆம்பியர்தான் இழுக்கும். வழியில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும் ஆறு வோல்ட்டில் அரை வோல்ட் போய்விடும், அதாவது நூற்றுக்கு எட்டுக்கும் மேல். பன்னிரண்டில் கால் வோல்ட், நூற்றுக்கு இரண்டுதான். பன்னிரண்டு வோல்ட் வண்டி பொறுத்துக்கொள்ளும் துருவையும் தளர்ந்த லக்குகளையும் (வயர் முனையின் உலோகப் பிடிகள்) ஆறு வோல்ட் பொறுக்காது. ஹெட்லைட் கூட்டிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து பேட்டரிக்கும் தடிமனான எர்த் வயர் ஒன்றை அவர் இழுத்தார்; பெயின்ட்டைச் சுரண்டி, லக்குக்கு ஈயப்பற்று வைத்து, போல்ட்டின் மேல் சிறிது வாசலின் தடவி முடுக்கினார். மீட்டரில் 0.05 வோல்ட். ஒரு பாகமும் வாங்காமல் ஹெட்லைட் சரியானது.

பாயிண்ட் பெட்டியில் உண்மையாகவே தேய்மானம் இருந்தது. சிலிண்டருக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, பாயிண்ட்டின் ஒரு முகத்தில் மேடும் மறு முகத்தில் குழியும் விழுந்திருந்தன. கேமில் உரசும் ஃபைபர் குதியும் தேய்ந்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டியது பாதியாகச் சுருங்கியிருந்தது. குதி தேயத் தேய பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், அதனால் டைமிங்கும் பின்தங்கும். இழுவை குறைந்ததென்று கார்புரேட்டரைக் குடைபவர்கள் முதலில் இதைப் பார்ப்பது நல்லது. இதைவிட முக்கியமான ஒன்றை அந்தப் பெரியவர் காட்டினார். ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாயிண்ட்டுக்குள் வைத்துக்கொண்டே, கேமைச் சுழற்றும் ஷாஃப்டை விரலால் ஒரு பக்கம் தள்ளினால் கேஜ் இறுகியது, மறுபக்கம் தள்ளினால் தளர்ந்தது. ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஆட்டம் இருக்கும்வரை எத்தனை புதுப் பாயிண்ட் போட்டாலும் இடைவெளி ஒரு சுற்றுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அந்த புஷ் கடையில் கிடைப்பதில்லை. லேத் பட்டறையில் ஷாஃப்டைக் கொடுத்தேன். மைக்ரோமீட்டரில் அளந்து, கன்மெட்டல் கட்டையிலிருந்து புதிய புஷ் கடைந்து, அழுத்தி இறக்கி, உள்ளே ரீமர் விட்டு, எண்ணெய்க்கு ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்கள். கூலி சில நூறு ரூபாய். நான் இருக்கும் நாட்டில் இப்படி ஒற்றைப் பாகத்துக்காக லேத்தை ஓட்டச் சம்மதிக்கும் ஆளைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை, பிடித்தாலும் கூலி பாகத்தின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். ஊரின் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன்.

பாயிண்ட், அது பொறி பறந்து கருகாமல் காக்கும் கண்டன்சர், ஸ்பார்க்குக்கு மின்னழுத்தத்தை ஏற்றும் இக்னிஷன் காயில், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஆகியவற்றுக்காகச் சென்னைக்குப் போனேன். அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் இருசக்கர வாகனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப் போவது கட்டாயம். பெயரும் மாடலும் சொல்லிக் கேட்டால் பன்னிரண்டு வோல்ட் சாமான்தான் முதலில் மேசைக்கு வரும், ஏனெனில் கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் தேவை. அங்கே ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் மின்பாகங்களைத் திரும்ப எடுப்பதில்லை. ஆகவே சோதனை கவுண்டரிலேயே நடந்தாக வேண்டும்.

ஒரு கடையில் ஆறு வோல்ட் என்று அச்சிட்ட பெட்டியில் காயில் கொடுத்தார்கள். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, வயரின் சொந்தத் தடையைக் குறித்துக்கொண்டு, காயிலின் பிரைமரியை, அதாவது பேட்டரியோடு இணையும் சுற்றை, அளந்தேன். கழித்துப் பார்த்தால் 3.6 ஓம். ஆறு வோல்ட் காயிலுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஓம் வரைதான் இருக்க வேண்டும். மூன்றுக்கு மேல் என்றால் அது பன்னிரண்டு வோல்ட் காயில். அதை மாட்டியிருந்தால் ஸ்பார்க் வராமல் போகாது, ஆனால் வலுவில்லாமல் வரும். குளிர்ந்த எஞ்சின் கிளம்பிவிடும், சூடான எஞ்சின் பழையபடி அடம் பிடிக்கும், குற்றம் வேறு எதன் மேலோ விழும். கடைக்காரரிடம் மீட்டரைக் காட்டியபோது வாதாடாமல் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார், அது 1.7 ஓம். மாற்றித் தந்ததற்கு நன்றி சொன்னேன். மீட்டர் இல்லாமல் வந்து அதே பெட்டியை வாங்கிப் போயிருப்பவர்களை நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

கண்டன்சரை இப்படி நிச்சயமாகச் சோதிக்க முடியாது. கொள்ளளவு அளக்கும் மீட்டரில் 0.2 மைக்ரோஃபாரட் சுற்றிக் காட்டினால் திருப்திப்படலாம், ஆனால் சூட்டில் மட்டும் கசியும் கண்டன்சரைக் குளிர்ந்த நிலையில் கண்டுபிடிக்க இயலாது. இப்போது வருபவை பல, கழற்றிய பழையதன் தரத்தில் இல்லை என்பது என் கருத்து. வெவ்வேறு தயாரிப்பில் இரண்டு வாங்கி ஒன்றை டூல் பாக்ஸில் வைத்துவிட்டேன். பொருத்தும்போது, பாயிண்ட் பெட்டியின் சூட்டுக்குள் வைக்காமல், காயிலுக்குப் பக்கத்தில் காற்றுப்படும் இடத்தில் வைத்து இணைப்பைக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன்.

இக்னிஷன் சுவிட்சுக்குச் சென்னையிலேயே பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். புதியதாகக் கிடைத்தவற்றில் உள்ளே இருக்கும் தகடு மிக மெல்லியதாக இருந்தது. திருப்பும்போது கையிலேயே தெரிந்தது. கழற்றிய வண்டிகளின் பாகங்கள் குவிந்திருக்கும் ஒரு கடையில், அழுக்கேறிய பழைய சுவிட்ச் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பித்தளைத் தொடுமுனைகள் கறுத்திருந்தனவே தவிரத் தேயவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துப் பூட்டியதும் புதியதைவிட உறுதியாக வேலை செய்தது. நேரமும் பொறுமையும் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை பலன் தரும். விமானத்துக்கு முந்தைய நாள் போகிற இடமல்ல.

மிகவும் பயந்த பாகம் ஸ்டேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் சுருள்களின் தொகுப்பு. பிரைமரி கவரை ஒற்றை நட்டைக் கழற்றி எடுத்தபோது, எண்ணெயிலும் சூட்டிலும் பல்லாண்டுகள் கிடந்த வயரின் உறை மொறுமொறுவென்று ஒடிந்து விழுந்தது; சுருள் ஒன்று பாடி ஷார்ட் ஆகி, அதன் கம்பி இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. முள் டிஸ்சார்ஜில் நின்றதற்குக் காரணம் அதுதான். சென்னையில் பன்னிரண்டு வோல்ட் ஸ்டேட்டர் கைநிறையக் கிடைத்தது, ஆறு வோல்ட் கிடைக்கவில்லை. கும்பகோணத்துக்கே திரும்பி, பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவரிடம் கொண்டுபோனேன். டெல்டாவில் போர்வெல் இருக்கும் ஊரிலெல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். அவர் இதுவரை மோட்டார் சைக்கிள் ஸ்டேட்டர் கட்டியதில்லை, ஆனாலும் தயங்கவில்லை.

அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பழைய சுருளைப் பிரிக்கும் முன், எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்பதைச் சாக்பீஸால் ஒவ்வொரு துருவத்திலும் அம்புக்குறியாகப் போட்டார். அடுத்தடுத்த துருவங்களில் திசை எதிரெதிராக இருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் அதன் மின்சாரம் மற்றதைக் கழித்துவிடும். பிறகு ஒரு சுருளைச் சுற்றுச் சுற்றாக எண்ணியபடியே பிரித்து, கம்பியின் எனாமலைச் சுரண்டி மைக்ரோமீட்டரில் கன அளவு பார்த்து நோட்டில் எழுதினார். புதுக் கம்பி சுற்றி, வெளியே வரும் வயருக்குச் சூடு தாங்கும் கண்ணாடியிழை ஸ்லீவ் போட்டு, 155 டிகிரி வரை தாங்கும் எஃப் வகுப்பு வார்னிஷில் முக்கி, ஹீட்டர் பெட்டியில் காயவைத்தார். கடைசியில் மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்துப் பாடியோடு தொடர்பில்லை என்பதை எனக்குக் காட்டிய பிறகே கையில் கொடுத்தார். கூலியைக் கேட்டபோது ஒரு பம்பு மோட்டாருக்கு வாங்குவதில் சிறு பங்குதான் சொன்னார். அதிகம் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பப் பூட்டும்போது உள்ளே சுழலும் காந்தமான ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையில் சுற்றிலும் 0.2 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் புதுச் சுருள் அன்றைக்கே போய்விடும். ரெக்டிஃபையரைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை: பழைய தகடு வகையைக் கழற்றிவிட்டு, சாதாரண சிலிக்கான் பிரிட்ஜ் ஒன்றை அலுமினியத் தகட்டில் முடுக்கியதோடு சரி.

வழியில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் "பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாத்திடுங்க" என்றே சொன்னார்கள். தினமும் இரவில் ஓட்டுபவர்களுக்கு அது நியாயமான யோசனை. பல்பும் பேட்டரியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஸ்டேட்டர், காயில், ஹாரன், பல்புகள், பேட்டரி என்று எல்லாமே சேர்ந்து மாற வேண்டும், பாதியில் நிறுத்த முடியாது. எங்கள் வண்டி மாதத்துக்குச் சில முறை சுவாமிமலை வரை போய்வருவது. அதற்கு ஒழுங்கான ஆறு வோல்ட்டே போதும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலை முடிந்தபின் நல்ல வேகத்தில் ஹெட்லைட்டோடு பேட்டரி முனையில் 6.9 வோல்ட் வந்தது, முள்ளும் நடுவைத் தாண்டி சார்ஜ் பக்கம் நின்றது.

நான் இல்லாத மாதங்களில் பேட்டரிதான் முதலில் கெடும் என்பதால், எர்த் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற மைத்துனரிடம் சிறிய ஆறு வோல்ட் சார்ஜர் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வோல்ட் சார்ஜரை யாரும் மாட்டிவிடாதபடி பேட்டரிப் பெட்டியின் மேல் பெயின்ட்டில் எழுதியும் வைத்தாயிற்று. வயர்களின் நிறங்களோடு வரைந்த படம் டூல் பாக்ஸில் இருக்கிறது. ஹெட்லைட்டின் ஒளியை உயர்த்தித் தாழ்த்தும் டிம்-டிப் சுவிட்ச் மட்டும் நல்லதாகக் கிடைக்கவில்லை. புதுப்பேட்டைக் கடைக்காரர் வந்தால் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.