கரண்ட் போனால் மீன் தொட்டிக்கு எது உதவும்?

கொழும்பில் மீன் வளர்ப்பவருக்குக் கரண்ட் போனால் காற்றுதான் கவலை. நுவரெலியாவில் குளிரும் சேர்ந்துகொள்கிறது. காற்று விஷயத்திலும் நமக்குக் கொஞ்சம் நஷ்டம்தான்: 1,868 மீற்றர் உயரத்தில், அதே சூட்டிலுள்ள தண்ணீர் கொழும்பை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஒட்சிசனையே பிடித்துவைக்கும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த மாதிரி நாளையும் 100 லீற்றர் தொட்டியையும் மனதில் வைத்துப் பார்ப்போம். கப்பி, ஏஞ்சல் வளர்ப்பவர்களுக்குத்தான் இது. கோல்ட் ஃபிஷ்ஷுக்கு ஹீட்டர் பேச்சே வேண்டாம்.

காற்றுக்குப் பவர் பேங்கை மிஞ்ச ஒன்றுமில்லை. யூஎஸ்பி எயார் பம்ப் ஒன்றரை வாட் அளவுதான் இழுக்கும். 10,000 மில்லி அம்பியர் மணி பவர் பேங்க் விடியும்வரை தாங்கும். ஆனால் சில பவர் பேங்க், இழுவை போதவில்லையென்று தானாக அணைந்துவிடும். வாங்கியதும் ஓர் இரவு ஓடவிட்டுப் பாருங்கள். பம்பை ஸ்பொஞ்ச் பில்டரில் மாட்டினால் தொட்டிக் கழிவைச் சுத்தமாக்கும் நல்ல பக்டீரியாவும் பிழைக்கும். கெனிஸ்டர் பில்டர் (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய பில்டர்) நின்றுபோனால் அதற்குள் இருக்கும் பக்டீரியா மூச்சடைத்துச் சாகும்.

கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸை நம்பவே வேண்டாம். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பெட்டரி ஏட்டுக் கணக்கில் 84 வாட் மணி. 100 வாட் ஹீட்டருக்கு அரை மணித்தியாலம் கொடுத்தாலே பெரிது, நடுராத்திரி பீப் சத்தம் வேறு.

இன்வர்ட்டரும் 12 வோல்ட், 100 அம்பியர் மணி பெட்டரியும் இருந்தால், பாதிவரை இறக்கினாலும் ஏட்டுக் கணக்கில் அதே ஹீட்டர் 6 மணித்தியாலம் எரியும். வீட்டு லைட்டுக்கென்று ஏற்கெனவே இருந்தால் சரி, மீனுக்காக வாங்குவது அதிகம். ஜெனரேட்டர் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, சரிவராது. வெளியே வைத்தால் பக்கத்து வீடு தூங்காது, உள்ளே வைத்தால் புகையில் உயிரே போகும்.

சூட்டுக்கு நான் அடுப்பைத்தான் சொல்வேன். 100 லீற்றரை ஒரு பாகை ஏற்ற 116 வாட் மணி வேண்டும். கொதித்த தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்து, ஒன்றரை லீற்றர் சோடா போத்தல் இரண்டில் இறுக மூடித் தொட்டிக்குள் விட்டால், கிட்டத்தட்ட அந்த ஒரு பாகை ஏறிவிடும். யூபிஎஸ் பெட்டரி மொத்தமாகத் தருவதைவிட இது அதிகம்! முதலில் அரை வாளி தண்ணீரை மொண்டு வையுங்கள், இல்லாவிட்டால் வழியும். பக்கங்களுக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) அட்டை, அதற்கு மேல் கம்பளி. மேலே மட்டும் காற்றுக்கு இடைவெளி. போத்தல் ஆறினால் மாற்றுங்கள். கரண்ட் வரும்வரை தீனி போட வேண்டாம்.