கையடக்க அரசியலமைப்புப் புத்தகம்: பிள்ளை உள்ள வீட்டுக்கு உதவுமா?

கோலாலம்பூரின் பெரிய புத்தகக் கடைகளில், சட்டப் புத்தகங்கள் இருக்கும் பக்கம் போனால் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் கையடக்கப் பதிப்பு கிடைக்கும். 183 விதிகள், பின்னால் 13 அட்டவணைகள், பொடி எழுத்து.

காசு கொடுக்கும் முன் 119ஆம் விதியைப் புரட்டுங்கள். வாக்களிக்கும் வயது 18 என்றில்லாமல் 21 என்றிருந்தால் அது பழைய பதிப்பு, வாங்காதீர்கள். கட்சித் தாவலைத் தடுக்கும் 49ஏ இல்லையென்றாலும் அது 2022 திருத்தத்துக்கு முந்தைய பதிப்பு.

பிள்ளைகளின் உரிமைக்கென்று தனி விதி தேடினால் ஏமாற்றம்தான். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு போல ஒன்று நம்மிடம் இல்லை. பாகுபாட்டைத் தடுக்கும் 8(2), கல்வி பற்றிய 12(1) இரண்டும் குடிமக்களுக்கு மட்டுமே காவல். குடியுரிமை இல்லாத பிள்ளை அந்த வேலிக்கு வெளியே நிற்கிறது. இந்தச் சட்டத்தின் பெரிய குறை அதுதான்.

ஆகவே முதலில் படிக்க வேண்டியது குடியுரிமை பற்றிய இரண்டாம் அட்டவணை. அதில் மூன்றாம் பாகம், 17ஆம் பிரிவைக் கோடிட்டு வையுங்கள். சட்டப்படி திருமணம் ஆகாத பெற்றோரின் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. தாய் வெளிநாட்டவர், கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்றால், அப்பாவிடம் நீல மைகாட் (குடிமக்களுக்கான அடையாள அட்டை) இருந்தும் பிள்ளைக்கு அவர் வழியாகக் குடியுரிமை தானாக வராது. 1982 மார்ச் முதல் பதிவுத் திருமணம்தான் செல்லும். பிள்ளை பிறந்த பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் இந்தச் சிக்கல் தீர்வதில்லை. பிறந்த நேரத்து நிலைதான் பார்க்கப்படும். நம் குடும்பங்கள் பல மாட்டிக்கொள்ளும் இடம் இது.

நீதிமன்றத் தீர்ப்புகள் இந்தப் புத்தகத்தில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். 12(4)ஐ மட்டும் படித்தால், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் மதத்தைத் தாய் தந்தையரில் ஒருவரே முடிவு செய்யலாம் என்று தோன்றும். இருவரின் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரியில் இந்திரா காந்தி என்ற மலேசியத் தாயின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடி, உதை, புறக்கணிப்பு, பராமரிப்பு பற்றியெல்லாம் அறிய 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

தாய் மலேசியர், பிள்ளை வெளிநாட்டில் பிறந்தது என்றால் 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்யும் 15ஏ விதியின் கீழ் விண்ணப்பிக்கப் பழைய பதிப்பு 21 வயது வரை இடம் தரும். திருத்தம் அந்த வரம்பை 18 ஆகக் குறைப்பதால், அதை நம்பி இருக்காமல் 18 ஆவதற்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.